எடுக்காத விரல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் போடத் தெரிகிறது, அணைக்கத் தெரியவில்லை. டி.வி.யை அணைக்கிறேன் என்று ரிமோட்டை அமுக்குவார்கள். சிவப்பு விளக்கு முழித்துக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரை மூடி வைப்பார்கள், கேட்டால் அது தூங்குகிறதாம். போனை அணைத்து எத்தனை வருஷம் ஆச்சு என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று முழிப்பார்கள். வீட்டுக்கு வீடு எல்லாம் பாதி உயிரோடு கிடக்கிறது. அப்புறம் ஏன் சூடாகிறது, ஏன் தானாகச் சத்தம் போடுகிறது என்று ஆளைக் கூப்பிடுவார்கள்.

அப்படிக் கூப்பிடப்படும் ஆள்தான் ஈயம். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. நாற்பது வருஷமாகக் கீபோர்டு, மிக்ஸர், ஆம்பிளிஃபயர் என்று சால்டரிங் அயர்னைப் பிடித்து உட்கார்ந்ததில் உடம்பெல்லாம் ஈய வாடை ஏறி, கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார், எண் மட்டும் தப்பாது. யார் எதைச் சொன்னாலும், தன் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார்.

அன்றைக்குக் கூப்பிட்டது அவருடைய மாப்பிள்ளை. அதுவே அதிசயம்தான். இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மாப்பிள்ளை சீரியல்களுக்குப் பின்னணி இசை போடுகிறவன். உண்மையில் வாசிப்பவள் ஈயத்தின் மகள். வாசிப்பது அவள், பேர் போட்டுக்கொள்வது இவன். இதை ஈயம் ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அதோடு சரி.

“மாமா, ஒரு சத்தம் ஒட்டிக்கிச்சு. போக மாட்டேங்குது. நாலு மணிக்குள்ள மியூசிக்க அனுப்பணும், கொஞ்சம் வந்து பாருங்க” என்றான் போனில்.

அவன் பேச்சுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. தூரத்திலிருந்து, மெல்ல, அடக்கி.

“அப்பாவ வரச் சொல்லாதீங்க.”

அதனால்தான் ஈயம் கிளம்பினார். சத்தத்துக்காக இல்லை.

பகல் பதினொரு மணி. நல்ல வெயில். இரண்டு மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா, மேலே இவர்கள். குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மேலே பாட்டு ரூம் ஒன்று கட்டிய நிலையிலேயே கிடைத்ததென்று மாப்பிள்ளை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான். ஈயம் கேட்டைத் திறந்தபோது வீட்டுக்காரம்மா வாசலில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். ஆளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மேல போறீங்களா?”

“ஆமா.”

“அந்த மோட்டார நிறுத்தச் சொல்லுங்க” என்றாள், துணியை முறுக்கியபடி.

ஈயம் நின்று காது கொடுத்தார். எந்த மோட்டாரும் ஓடவில்லை. காதில் கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியேறினார்.

பாட்டு ரூம் கதவு ஒரு சாண் கனம். அதைத் தள்ளி உள்ளே போனதும் வெயிலும் தெருவும் ஒன்றாக அறுந்துபோயின. ஜன்னல் கிடையாது. சுவர் நான்கிலும் கறுப்பு ஸ்பாஞ்சு, கூரையிலும் ஸ்பாஞ்சு. பேசினால் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் விழுந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் திரை வெளிச்சமும் ஒரு மேசை விளக்கும்தான். சூடான தூசி வாடை. அதற்கடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பல நாள் கழற்றாத மோதிரத்தைக் கழற்றினால் விரலில் அடிக்குமே, அந்த வாடை.

மகள் ஒரு மூலையில் டேப்லெட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“வந்துட்டீங்களாப்பா” என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. இடது கையை மடியில், வலது கைக்கு அடியில் வைத்திருந்தாள்.

“கைக்கு என்ன?”

“ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் தோல் உரிஞ்சிடுச்சு.”

மோதிர விரல் நுனியில் பிளாஸ்திரி.

மாப்பிள்ளை கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தான். டேப்லெட்டுக்குள் ஐந்து ஆப். ஒவ்வொரு ஆப்புக்கும் மூன்று சேனல், ஆக பதினைந்து. எல்லாம் ஒரே கேபிளில் கம்ப்யூட்டருக்கு வருகிறது. கம்ப்யூட்டர் எதை எந்தப் பெட்டிக்கு அனுப்புவது என்று பிரித்துவிடுகிறது. வெளியே மூன்று சிந்தசைசர். இரண்டு புதுசு, ஒன்று பழசு.

“மொத்தம் பதினாறு சேனலாச்சே, மிச்சம் ஒண்ணு?” என்றார் ஈயம்.

“அது அவ வாசிக்கிறதுக்கு மாமா. நேரா அந்தப் பழைய பெட்டிக்குப் போகுது.”

அது சுவரோரமாக, இரும்பு ஸ்டாண்டில் கிடந்தது. சவப்பெட்டி நீளம். கட்டைகள் மஞ்சள் பூத்திருந்தன. ரூமோடு சேர்ந்து வந்ததாம். முன்னால் இங்கே இருந்தவர் விட்டுப்போனது.

“அந்தப் பெட்டியிலயே வாசிக்க வேண்டியதுதானே? எதுக்குக் கண்ணாடியில தடவிக்கிட்டு?”

“அதுல கட்டை ஒண்ணும் வேலை செய்யாது மாமா. ஆனா சத்தம் இருக்கே, அந்த மாதிரி சத்தம் இப்ப எதுலயும் வராது. அதனால டேப்லெட்ல வாசிச்சு, சத்தத்த மட்டும் அதுல எடுக்கிறோம். விரல் இங்க, சத்தம் அங்க. ஒரே தொல்ல, அது சேனல் பதினாறு தவிர வேற எதையும் கேட்காது. மாத்திட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணா, திரும்பப் பதினாறுக்கே போயிடுது.”

“உள்ள பேட்டரி செத்திருக்கும்” என்றார் ஈயம். சொல்லிவிட்டு யோசித்தார். பேட்டரி செத்தால் பெட்டி மறதியில் ஒன்றாம் சேனலுக்குப் போகும். பதினாறுக்கு ஏன் போகிறது? கம்பெனிக்காரன் எவனாவது குடித்துவிட்டுச் செய்திருப்பான்.

“அந்த ஒட்டுற சத்தத்தக் காட்டு.”

மாப்பிள்ளை மகளைப் பார்த்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது கூப்பிட்டா வராதுப்பா” என்றாள். “அதுக்கா தோணணும்.”

ஈயத்துக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. பையைக் கீழே வைத்தார்.

இந்தப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கிற மிடி ஒயருக்குள் சத்தம் போவதில்லை என்பதை ஈயம் எத்தனையோ பாட்டுக்காரர்களுக்குச் சொல்லி அலுத்துவிட்டார். அதில் போவது கடிதம். ‘இன்ன சேனல், இன்ன கட்டை, இவ்வளவு அழுத்தம், அமுக்கு’ என்று ஒரு கடிதம். விரலை எடுத்ததும் ‘எடு’ என்று இன்னொன்று. அவ்வளவுதான் மொத்தமும். இரண்டாவது கடிதம் வழியில் தொலைந்துவிட்டால், அந்தப் பக்கத்துப் பெட்டி அமுக்கினது அமுக்கினபடியே கத்திக்கொண்டிருக்கும். விரல் எடுத்தாகிவிட்டது என்று அதற்கு யார் சொல்வது?

கடிதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு சாமான் உண்டு. அவரே செய்தது. ஐந்து முள் பிளக்கின் முதுகில் கடுகளவு சிவப்பு பல்ப். அதற்குப் பேட்டரி கிடையாது. எந்தப் பெட்டியின் அவுட்டில், அதாவது கடிதம் வெளியே வரும் ஓட்டையில், சொருகுகிறோமோ, அந்தப் பெட்டி பேசினால்தான் எரியும். பேசாவிட்டால் செத்த பல்ப். அதனால் அதை மட்டும் அவர் நம்புவார்.

டேப்லெட் பக்கம் சொருகினார். இருட்டு. கம்ப்யூட்டர் பக்கம் சொருகினார். இருட்டு.

பழைய பெட்டியின் அவுட்டில் ஏற்கெனவே ஒரு கேபிள் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பல்பைச் சொருகினார்.

மினுக். மினுக். மினுக்.

நொடிக்கு மூன்று தடவை.

“என்னப்பா அது?” என்றாள் மகள்.

“மூச்சு” என்றார் ஈயம். “பழைய பெட்டிங்க சிலது, யாரும் தொடாட்டியும் ‘இருக்கேன், இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஒயர் அறுந்தா அந்தப் பக்கம் தெரியணும்ல, அதுக்கு. பயப்பட ஒண்ணுமில்ல.”

அவர் சொல்லி முடிக்கும்போது பல்ப் படபடவென்று அடித்துக்கொண்டது. பத்து பதினைந்து கடிதம் ஒரே மூச்சில் போவதுபோல. பிறகு மறுபடியும் பழைய நிதானம்.

கட்டைகளைப் பார்த்தார். யாரும் தொடவில்லை. இடது கோடியிலிருந்து மூன்றாவது கறுப்புக் கட்டை மட்டும் மற்றதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. ஸ்பிரிங் போயிருக்கும்.

“இந்த அவுட்டை எதுக்குடா கம்ப்யூட்டருக்குக் குடுத்த?”

“ரெண்டு ஓட்டை இருந்துச்சு, ரெண்டு கேபிள் இருந்துச்சு, போட்டேன்.”

“கம்ப்யூட்டர் இதுக்குச் சொல்லுது, இது திரும்பக் கம்ப்யூட்டருக்கே சொல்லுது. ரெண்டும் ஒண்ணோட வாலை ஒண்ணு கடிச்சுக்கிட்டு சுத்துது. லூப்பு. இதுக்கு நான் ஒருத்தன் வரணுமா? ஓட்டை இருந்தா சொருகிடறதா?”

பல்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். கழற்றின கேபிளைச் சுருட்டி ஓரமாக எறிந்தார். பார்த்த வேலையில் அவருக்கே ஒரு திருப்தி. மாப்பிள்ளையை இன்னும் இரண்டு வார்த்தை சொல்லலாம்போல இருந்தது.

“இப்ப வாசி கண்ணு. ஒட்டுதா பார்ப்போம்.”

“வேணாம்பா.”

“அதான் கழட்டியாச்சே.”

“அப்பா, நேத்து நான் விரலை எடுத்தேன். அது எடுக்கல” என்றாள் மெதுவாக. “அது எடுக்கலன்னா, என்னாலயும் முடியல.”

“டென்ஷன் மாமா. ராத்திரி பகலா வேலை” என்றான் மாப்பிள்ளை. “ஒரே ஒரு தடவை வாசி. மணி பன்னெண்டு ஆகப்போகுது.”

“நான் பக்கத்துலயே இருக்கேன்ல? வாசி” என்றார் ஈயம்.

அப்பா சொன்னதால்தான் அவள் வாசித்தாள். பிற்பாடு ஈயம் எதை எதையோ மறந்தார். அதை மட்டும் மறக்க முடியவில்லை.

கண்ணாடியில் விரல்கள் ஓடின. சுவரோரத்துப் பெட்டியிலிருந்து சத்தம் வந்தது. மாப்பிள்ளை சொன்னது பொய்யில்லை, அப்படி ஒரு சத்தம். ஒரு ஆள் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தி வாசிக்கிற மாதிரி. திரையில் ஒவ்வொரு கடிதமும் ஒரு வரியாக ஏறியது. சேனல் 16, அமுக்கு, எடு, அமுக்கு, எடு. ஒழுங்காகத்தான் இருந்தது. இடது கை கீழே இறங்கி, மோதிர விரல் மூன்றாவது கறுப்புக் கட்டையைத் தொட்டது.

சேனல் 16. கட்டை 42. அழுத்தம் 60. அமுக்கு.

எடு வரவில்லை.

அடிவயிற்றில் உறுமுகிற சத்தம். தண்ணீர் மோட்டார் மாதிரி.

மகள் மற்ற விரல்களை எல்லாம் எடுத்துவிட்டாள். மோதிர விரல் மட்டும் கண்ணாடியில் நின்றது.

“அப்பா.”

திரையில் அடுத்த வரி. கட்டை 42. அழுத்தம் 80. அமுக்கு.

அடுத்த வரி. அழுத்தம் 110.

அழுத்தம் 127. அதற்குமேல் எண் கிடையாது.

“அப்பா, அமுக்குது.”

ஈயம் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கை வந்தது, விரல் வரவில்லை. நகம் வெள்ளையாகிவிட்டது. கண்ணாடிக்குக் கீழே யாரோ இருந்துகொண்டு அந்த விரலைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. இல்லை, மேலே இருந்துகொண்டு. பிளாஸ்திரி ஓரத்தில் ரத்தம் கசிந்தது.

“எல்லாத்தையும் நிறுத்துற பட்டன் ஒண்ணு இருக்கும்ல, அத அமுக்கு!”

மாப்பிள்ளை அமுக்கினான். பதினாறு சேனலுக்கும் ‘எடு, எடு’ என்று வரிகள் கொட்டின. புதுப் பெட்டிகள் இரண்டும் கப்சிப். உறுமல் அசையவில்லை.

ஈயம் ஓடிப்போய்ப் பழைய பெட்டியின் பவர் ஒயரைப் பிடுங்கினார்.

சத்தம் நின்றது.

விரல் வரவில்லை.

அந்த நிசப்தம்தான் மோசம். ஸ்பாஞ்சு ரூமில் அவரவர் ரத்தம் ஓடுகிற சத்தம் அவரவர் காதில் கேட்டது. மகள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தின் வெள்ளை இப்போது நீலமாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை டேப்லெட்டை அணைத்தான், திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியிலும் விரல் அப்படியே.

கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரம்மா நின்றாள். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

“மோட்டார நிறுத்தச் சொன்னேன்ல” என்றாள். பிறகு விரலைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் எதுவும் வரவில்லை. “பிளக்கப் பிடுங்கிட்டீங்களா? பிடுங்கக் கூடாது. அன்னைக்கு நானும் அதத்தான் செஞ்சேன்.”

“என்னைக்கு?”

“என் தம்பி இதுலதான் உட்கார்ந்து வாசிப்பான். யாரையும் தொட விடமாட்டான். எல்லாரும் ஒண்ணாம் நம்பர்ல வைப்பாங்களாம், அவன் மட்டும் கடைசி நம்பர். அடுத்தவன் விரல் தப்பித்தவறிக்கூட அவன் பெட்டிக்குள்ள வந்துடக் கூடாதாம். அப்படி ஒரு கெட்ட புத்தி. எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது. ரெண்டு நாளா மேல மோட்டார் ஓடுது, நிறுத்தித் தொலைய மாட்டேங்குறானேன்னு கீழ இருந்து திட்டிக்கிட்டே இருந்தேன்.”

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“மோட்டார் இல்ல. கட்டை மேல கவிழ்ந்து செத்துக் கிடந்தான். ஒரு விரல் மட்டும் அமுக்கினபடி. ரெண்டு நாள். விரலைப் பிரிச்சு எடுத்தோம், சத்தம் நிக்கல. பிளக்கப் பிடுங்கினேன். மறுபடி போட்டா மறுபடி அதே சத்தம். அப்புறந்தான் மூடியக் கழட்டி, கத்திரிக்கோலால அதோட வாலை வெட்டினேன்.”

ஈயம் பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே, கட்டை வரிசையிலிருந்து மூளைப் பலகைக்குப் போகும் பட்டை ஒயர் எட்டு இழை. எட்டும் ஒரே வெட்டில் அறுந்திருந்தன.

பேய் பிசாசில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கடிதத்தில் நம்பிக்கை உண்டு. அமுக்கு என்று ஒரு கடிதம் போயிருக்கிறது. யார் எப்போது அனுப்பியதோ, அது அவருக்கு வேண்டாம். எடு என்ற கடிதம் அந்தக் கட்டையிலிருந்தே போக வேண்டும். போகிற வழியை இவள் வெட்டிவிட்டாள். வழி இல்லாவிட்டால் கடிதம் எப்படி வரும்? நூறு வருஷம் ஆனாலும் வராது.

“மாப்பிள்ள, அவ கையப் பிடிச்சுக்க. இழுக்காத. பிடிச்சுக்க மட்டும் செய்.”

அயர்னைச் சொருகினார். அது சூடாகிற இரண்டு நிமிஷம் அவர் வாழ்க்கையில் கழியாத இரண்டு நிமிஷம். முதல் இழை. ஈயம் உருகிப் பிடித்தது. இரண்டாவது.

“அப்பா, மரத்துப் போகுது.”

“இதோ ஆச்சு கண்ணு.”

மூன்றாவது, நான்காவது. புகை கண்ணில் ஏறியது. பெட்டிக்குக் கரெண்டே இல்லை. ஆனாலும் மூன்றாவது கறுப்புக் கட்டை இப்போது முழுசாகக் கீழே போயிருந்தது. மயிரிழை அல்ல. அடி ஆழம்வரை. அவர் அதைப் பார்க்காமல் ஐந்தாவது இழையைப் பிடித்தார்.

வாசலில் வீட்டுக்காரம்மா முனகினாள். “ஒட்டப் போறீங்களா? யோசிச்சுக்கோங்க.”

“வாய மூடுங்க.”

ஆறு. ஏழு.

“அப்பா, இப்ப வலிக்கவே இல்லப்பா” என்றாள் மகள். வலிக்கிறது என்றிருந்தால்கூட அவர் இவ்வளவு பயந்திருக்கமாட்டார். திரும்பிப் பார்த்தார். விரல் கணுவரை கறுத்திருந்தது.

எட்டு.

கடிதம் கம்ப்யூட்டருக்குப் போக வழி வேண்டுமே என்று, எறிந்த கேபிளைத் தேடி எடுத்து மறுபடி அவுட்டில் சொருகினார். பவர் ஒயரைச் சொருகினார். உறுமல் எழுந்தது. முன்பைவிடப் பெரிதாக, பலகையெல்லாம் அதிர.

கட்டை கீழேயே இருந்தது.

ஈயம் கட்டையின் நுனிக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்து மேலே தூக்கினார். ஒரு கட்டையைத் தூக்கக் குழந்தையின் பலம் போதும். அது வரவில்லை. கட்டைக்கு மேல் காற்றுதான் இருந்தது. அந்தக் காற்று குளிர்ந்திருந்தது. அதில் அந்த மோதிர வாடை.

ஸ்குரூ டிரைவரை அடியில் விட்டு நெம்பினார். எதிர்ப்பக்கம் அழுத்தியது. நெம்பினார். அழுத்தியது. இரண்டு பிடிவாதக்காரக் கிழவர்கள் ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

அவர் குனிந்து, யாரும் இல்லாத ஸ்டூலைப் பார்த்து, காதோடு பேசுவதுபோல் சொன்னார்.

“வாசிச்சது போதும். எந்திரிடா.”

உறுமலுக்குள்ளிருந்து ஒரு மூச்சு. அவர் கன்னத்துக்குப் பக்கத்தில்.

டக்.

கட்டை எழுந்தது.

திரையில் ஒரே ஒரு வரி ஏறியது. சேனல் 16. கட்டை 42. எடு.

மகளின் கை கண்ணாடியிலிருந்து விடுபட்டு மடியில் விழுந்தது. இறந்த குருவி மாதிரி. பிறகு மெல்ல மெல்ல அந்த விரலில் ரத்தம் ஏறிச் சிவந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

ஈயம் பெரிதாக மூச்சு விட்டார். விட்ட மூச்சு முடிவதற்குள் திரையில் வரிகள் கொட்ட ஆரம்பித்தன. சேனல் 16. கட்டை 37. கட்டை 44. கட்டை 51, 56, 61. ஒரு கை இல்லை, இரண்டு கை. மஞ்சள் கட்டைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒன்றன்பின் ஒன்றாக அமுங்கி எழுந்தன. ரொம்ப நாள் கழித்து நெட்டி முறிக்கிறவனைப்போல.

அவர் பவர் ஒயரைப் பிடுங்கினார். இந்தத் தடவை அந்த ஒயரைச் சுருட்டித் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். இந்த வீட்டில் எவனையும் நம்ப முடியாது. நாளைக்கே எடுத்துச் சொருகுவான்.

“எந்திரி கண்ணு. நம்ம வீட்டுக்குப் போலாம்.”

மகள் செருப்புக்கூடப் போடாமல் வந்தாள். அவர்களுக்குப் பின்னாலேயே மாப்பிள்ளையும் படியிறங்கினான்.

“மாமா, இப்ப சரியாயிடுச்சுல்ல? கட்டையும் வேலை செய்யுது. நாலு மணிக்கு அனுப்பணும் மாமா. ஒரு அரை மணி நேரம், ஒரே ஒரு டேக்...”

“உனக்குக் கை இருக்குல்ல? போய் வாசி.”

மாப்பிள்ளை அங்கேயே நின்றான். மேலே போகவில்லை. கேட்டுக்கு வெளியே வெயில் கொதித்தது. மகளின் கையைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார் ஈயம்.

அப்போதுதான் கேட்டது.

மாடியிலிருந்து. ஒரு சாண் கதவைத் தாண்டி, மெதுவாக, தெளிவாக. இரண்டு கையாலும் வாசிக்கும் வாசிப்பு. மகள் வாசித்ததேதான், நின்ற இடத்திலிருந்து தொடங்கி, அவள் செய்த ஒன்றிரண்டு பிசகையும் குத்திக்காட்டித் திருத்தித் திருத்தி.

“கம்ப்யூட்டர அணைக்காம வந்திருப்ப” என்றார் ஈயம்.

“மெயினையே அணைச்சுட்டேன் மாமா” என்றான் மாப்பிள்ளை. “படியில வரும்போதே.”

வீட்டுக்காரம்மா கீழ்வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தாள். கடைசி ஜன்னலில் ஒரு கணம் நின்றாள்.

“இதுவரைக்கும் ஒரு விரல்தான் இருந்துச்சு” என்றாள். சாத்திவிட்டாள்.

ஈயம் தன் பையைத் தொட்டுப் பார்த்தார். சுருட்டின பவர் ஒயர் உள்ளே கையில் தட்டுப்பட்டது.

“பக்கத்து வீட்ல எவனோ வாசிக்கிறான்” என்றார்.

“பக்கத்துல வீடே இல்லையேப்பா” என்றாள் மகள்.

“காத்து தள்ளிக்கிட்டு எங்கிருந்தாவது வரும். நட.”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஸ்பிரிங் போன கட்டை, செத்த பேட்டரி, வாலைக் கடித்த ஒயர், பயந்து மரத்துப்போன ஒரு விரல். இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். உட்கார அவருக்கு இப்போது நேரம் இல்லை, அவ்வளவே.

தெரு முனை திரும்பியதும் வாசிப்பு கேட்காமல் போனது. மகள் சட்டென்று நின்றாள்.

“அப்பா. உங்க பாக்கெட்டு.”

குனிந்து பார்த்தார். சட்டைத் துணிக்குள் கடுகளவு சிவப்பு. பேட்டரி இல்லாத பல்ப். எதிலும் சொருகாத பிளக்.

மினுக். மினுக். மினுக்.

ஈயம் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். விரல் இடுக்கெல்லாம் சிவந்தது. சிவந்து, இருண்டு, சிவந்தது.

“வெயிலு” என்றார். “கண்ணாடி மாதிரி எதுலயாவது பட்டுத் தெறிக்கும்.”

கையை எடுக்காமலேயே நடந்தார்.